எழுபது தாண்டிய அம்மா தன் கையாலேயே பார்க்கக்கூடிய சுகர் மிஷின் எது?

மழைத்துளி

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை நோய் வந்து பதினைந்து வருடம் ஆகிறது. இத்தனை நாள் மாத்திரையிலேயே ஓடியது. போன மாதம் டாக்டர் இரவில் ஒரு வேளை இன்சுலின் ஆரம்பித்துவிட்டார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் பார்க்க வேண்டும், வாரத்தில் இரண்டு நாள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அம்மா தனியாக இருக்கிறார். நான் வாரக் கடைசியில்தான் போக முடியும்.

விசாரித்து நல்ல மிஷினாகத்தான் வாங்கிக் கொடுத்தேன். போனோடு இணையும், சராசரி போடும், கோடு வரைந்து காட்டும். மூன்று வாரம் கழித்து நோட்டை எடுத்துப் பார்த்தால் ஆறே ஆறு எண்தான் இருக்கிறது. ஆனால் 50 ஸ்ட்ரிப் இருந்த டப்பாவில் பாதிக்கு மேல் தீர்ந்துபோயிருக்கிறது. என்னம்மா என்று கேட்டால், "எனக்கு அது கைக்கு வரலை, விடு" என்கிறார். கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ தப்பு செய்துவிட்ட பிள்ளை மாதிரி சொன்னார். அதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமே இல்லை.

இருப்பதிலேயே சுலபமான மிஷின் எது? பெயரைச் சொன்னால் போதும், வாங்கிவிடுகிறேன்.

பச்சைக்கிளை

திரையில் எண் பெரிதாகத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள் சகோதரி. என் மாமனாருக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. இணைப்பு, வரைபடம் எதுவும் வயதானவர்களுக்குத் தேவைப்படாது.

நீலக்குடை

எனக்கு டைப் 1, உடம்பே இன்சுலின் சுரக்காத வகைச் சர்க்கரை நோய். இருபத்தாறு வருடமாக விரலில் குத்திக்கொண்டிருக்கிறேன், ஏழெட்டு மிஷின் மாற்றியாயிற்று. பெயர் சொல்லுவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். நோட்டில் ஆறு எண், டப்பாவில் இருபத்தைந்துக்கு மேல் காலி என்கிறீர்கள். அப்படியென்றால் அம்மா பார்க்காமல் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு நாளும் முயற்சி செய்திருக்கிறார், பாதி வழியில் ஏதோ தடுத்திருக்கிறது. எந்த இடத்தில் தடுக்கிறது என்று தெரியாமல் அடுத்த மிஷினை வாங்கினால் அதுவும் அலமாரிக்குத்தான் போகும்.

அடுத்த முறை போகும்போது பக்கத்தில் உட்காருங்கள். சொல்லிக் கொடுக்காதீர்கள், கை நீட்டாதீர்கள். டப்பாவைத் திறப்பதிலிருந்து ஊசியைத் தூக்கிப் போடுவது வரை முழுதாகப் பார்த்துவிட்டு வந்து இங்கே எழுதுங்கள். சும்மா இருப்பதுதான் சிரமம், ஆனாலும் இருங்கள்.

மழைத்துளி

நீலக்குடை சொன்னபடியே செய்தேன். ஞாயிறு காலை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்த்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியைக் கட்டைவிரலால் நெம்பித் தூக்க வேண்டும். அம்மாவுக்கு விரல் மூட்டில் வலி. துணியைச் சுற்றிப் பிடித்து இழுத்தார். டப்பென்று திறந்த வேகத்தில் நாலைந்து ஸ்ட்ரிப் மேசையில் சிதறியது. அள்ளி உள்ளே போட்டவர் மூடியைத் திரும்ப மூடவில்லை. அப்புறம் கேட்டபோது, "மூடினா நாளைக்குத் திறக்கணுமே" என்றார். மூன்று வாரமாக அது அரைகுறையாகத்தான் மூடிக் கிடந்திருக்கிறது.

ஸ்ட்ரிப் நகத்தின் அகலம்கூட இல்லை. கை நடுங்குவதால் துளையைத் தேடித் தேடி இரண்டு முறை தவறிவிட்டது. ஒரு முறை தலைகீழாகச் செருகினார். மிஷின் ஒருவழியாக விழித்துக்கொண்டு சொட்டு ரத்தம் படத்தைக் காட்டியது. அதற்குப் பிறகுதான் விரலில் குத்தும் ஊசிப் பேனாவைக் கையில் எடுத்தார். மூடியைத் திருகிக் கழற்றி, ஊசியைப் பொருத்தி, ஊசியின் தொப்பியை முறுக்கி எடுத்து, திரும்ப மூடி, பின்பக்கம் இழுத்து... அதற்குள் மிஷின் தானாக அணைந்துவிட்டது. ஸ்ட்ரிப்பை உருவி மறுபடி போட்டார். குத்தினார், ரத்தம் வரவில்லை. இன்னொரு முறை குத்தி விரலை நெறித்துப் பிழிந்ததில் கடுகளவு வந்தது. ஸ்ட்ரிப்பின் ஓரத்தில் வைத்தார், பாதிதான் உறிஞ்சியது. பிழை என்று காட்டியது. அந்த ஸ்ட்ரிப் வீண். அடுத்ததும் வீண். மூன்றாவதில் 162 என்று வந்தது. மொத்தம் பதினொரு நிமிடம், மூன்று ஸ்ட்ரிப், மூன்று குத்து.

நான் செய்தால் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை இது. அவர் இதைத் தினமும் தனியாகச் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

ஆய்வகமேசை

பதினெட்டு வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். படிக்கும்போதே மனம் கனத்துவிட்டது. நீங்கள் எழுதியதில் மிஷின் சம்பந்தப்பட்டது கொஞ்சம்தான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஸ்ட்ரிப் டப்பாவை ஒதுக்கிவிடுங்கள். இனி அதில் பார்க்க வேண்டாம். ஸ்ட்ரிப்பின் நுனியில் நொதி இருக்கிறது. ரத்தத்தில் உள்ள குளுக்கோஸோடு அது வினைபுரிந்து உண்டாகும் மின்னோட்டத்தை அளந்துதான் மிஷின் எண்ணைச் சொல்கிறது. காற்றின் ஈரம் பட்டால் அந்த நொதி கெட்டுப்போகும். அதனால்தான் டப்பாவுக்குள்ளேயே ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்திருக்கிறார்கள். மூடி திறந்தே கிடந்த டப்பாவிலிருந்து வந்த 162-ஐ நான் நம்ப மாட்டேன். நோட்டில் இருக்கும் ஆறு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு குறி போட்டு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இன்சுலின் அளவை அந்த எண்களை வைத்து ஏற்றி இறக்கிவிடக் கூடாது.

இரண்டாவது, ரத்தத்தின் அளவு. இன்றைய ஸ்ட்ரிப்புகளுக்கு 0.3 முதல் 1 மைக்ரோலிட்டர் வரை தேவைப்படும். ஒரு மைக்ரோலிட்டர் என்றால் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெட்டியில் அந்த எண் எழுதியிருக்கும், குறைவாகக் கேட்பதைத் தேடுங்கள். அதைவிட முக்கியமானது, முதலில் வைத்த சொட்டு போதவில்லை என்றால் பிழை காட்டாமல் காத்திருந்து, அதே ஸ்ட்ரிப்பில் இன்னும் கொஞ்சம் ரத்தம் சேர்க்க விடுகிற மிஷின்கள் இருக்கின்றன. சிலவற்றில் 30 விநாடி, சிலவற்றில் 60 விநாடி அவகாசம் உண்டு. கை நடுங்குகிறவர்களுக்கு எந்தப் பெரிய திரையையும்விட இதுதான் பெரிய உபகாரம்.

மூன்றாவது, விரலை நெறிக்கக் கூடாது. பிழியப் பிழியத் திசு நீர் கலந்து எண் மாறும். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்து, கையைக் கீழே தொங்கவிட்டு அரை நிமிடம் இருந்தால் ரத்தம் தானாக விரலுக்கு இறங்கும். துடைப்பதை விட்டுவிடாதீர்கள், ஈரம் இருந்தால் சொட்டு நீர்த்துவிடும். கை கழுவுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பழம் உரித்த கையோடு குத்தினால் தோலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையும் சேர்ந்து எண் எங்கேயோ ஏறி நிற்கும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பதை நம்பாதீர்கள், சர்க்கரை முழுதாகப் போகாது. தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை எடுக்கலாம்.

வரிசையையும் மாற்றுங்கள். கை கழுவியதும் ஊசிப் பேனாவைத் தயார் செய்து மேசையில் வைத்துவிட்டு, அதன்பிறகுதான் ஸ்ட்ரிப்பைச் செருக வேண்டும். மிஷின் அணைந்துபோவது அதோடு நின்றுவிடும்.

நீலக்குடை

ஊசிப் பேனா பற்றி நான் சொல்கிறேன். மிஷினோடு இலவசமாக வருகிற பேனாவைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆறு ஊசி அடங்கிய சிறிய உருளையைப் பொருத்தும் வகை இருக்கிறது. ஒருமுறை போட்டுவிட்டால், நெம்புகோலைத் தள்ளினால் அடுத்த ஊசி வந்து நிற்கும். வெறும் ஊசியைத் தொடவே வேண்டாம். மூட்டு வலிக்காரர்களுக்கு அதுதான் சரி.

ஊசியின் கனம் 28, 30, 33 என்று எண்ணில் இருக்கும். எண் ஏற ஏற ஊசி மெல்லிசு. வலிக்காமல் இருக்கட்டும் என்று 33 வாங்கி ரத்தம் வராமல் மூன்று முறை குத்துவதைவிட, 30-ல் ஒரே குத்தாகக் குத்துவது மேல். ஆழம் திருப்பும் எண்ணை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்து, எதில் நெறிக்காமல் சொட்டு வருகிறதோ அதிலேயே நிறுத்திவிடுங்கள். ஒருவர் ஊசியை இன்னொருவர் தொடக் கூடாது, வீட்டு ஆளாக இருந்தாலும்.

கைவிளக்கு

எனக்குச் சர்க்கரையால் விழித்திரை பாதித்து ஒரு கண்ணில் பார்வை மிகவும் குறைவு. பச்சைக்கிளை சொன்ன பெரிய எண் உதவும்தான், ஆனால் எண் வருவதற்கு முன்னால் ஸ்ட்ரிப்பைச் செருக வேண்டுமே, அங்கேதான் நான் மாட்டிக்கொள்வேன். ஸ்ட்ரிப் செருகும் துளையில் சின்ன விளக்கு எரிகிற மிஷின் இருக்கிறது. வாங்கிய முதல் நாள் அந்த வெளிச்சத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். திரைக்குப் பின்னொளி இருக்கிறதா, எண் கறுப்பாக அழுத்தமாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். விடிகாலையில்தானே அம்மா பார்ப்பார்.

எண்ணை வாய்விட்டுச் சொல்லும் மிஷின்களும் உண்டு. ஆனால் சில எண்ணை மட்டும் பேசும், ஸ்ட்ரிப் போடு, ரத்தம் வை என்று வழிநடத்தாது. வாங்குமுன் கண்ணை மூடிக்கொண்டு நீங்களே ஒரு முறை செய்து பாருங்கள், தெரிந்துவிடும்.

விரல் நுனி மரத்துப்போயிருக்கிறதா என்று அம்மாவைக் கேளுங்கள். இத்தனை வருடச் சர்க்கரையில் அதுவும் நடக்கும். மரத்த விரலுக்கு மெல்லிசான ஸ்ட்ரிப் கையில் இருப்பதே தெரியாது. அகலமான, கொஞ்சம் விறைப்பான ஸ்ட்ரிப் உள்ள மிஷினாகத் தேடுங்கள்.

இளவெயில்

இவ்வளவு பாடு எதற்கு? கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வந்துவிட்டதே. பத்துப் பதினைந்து நாளைக்கு ஒன்று. குத்தவே வேண்டாம். சுகர் இறங்கினால் மகளுடைய போனிலேயே அலாரம் அடிக்கும்.

நீலக்குடை

தம்பி, நானும் சென்சார்தான் போட்டிருக்கிறேன், அதன் அருமை தெரியும். இன்சுலின் போட்டுக்கொண்டு தனியாக இருக்கிறவருக்கு அந்த அலாரம் உயிர் காக்கும். டாக்டரிடம் கட்டாயம் கேட்கட்டும். ஆனால் சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திசு நீரை. ரத்தத்தில் மாறியது அங்கே வந்து சேரச் சில நிமிடம் பிடிக்கும். சுகர் வேகமாக இறங்கும்போது அந்தச் சில நிமிடம் பெரிய விஷயம். உடம்பு வியர்த்து நடுங்குகிறது, சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறது என்றால் விரலில்தான் பார்க்க வேண்டும். அதனால் கையால் பார்க்கத் தெரிந்திருப்பது எப்படியும் வேண்டும்.

பழையநோட்டு

எனக்கு 78 வயது. இந்த இழையைப் படித்ததும் என் அப்பாவின் நினைவு வந்துவிட்டது. அப்போது வீட்டில் சுகர் பார்ப்பது என்றால் சிறுநீரில்தான். சோதனைக் குழாயில் ஐந்து மில்லி பெனடிக்ட் கரைசல், எட்டுச் சொட்டு சிறுநீர், கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய் செங்கல் நிறம் வந்தால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். அதுவும் சில மணி நேரத்துக்கு முந்தைய கதைதான். சுகர் இறங்கியிருந்தால் அது காட்டவே காட்டாது. அப்பா விளக்கு வெளிச்சத்தில் குழாயை உயர்த்திப் பிடித்து, "பச்சையா, மஞ்சளா?" என்று என்னைக் கேட்பார்.

1970 வாக்கில் ஏம்ஸ் (Ames) என்ற அமெரிக்க நிறுவனம் கொண்டுவந்த முதல் ரத்தச் சர்க்கரை மீட்டர் ஒரு கிலோவுக்கு மேல் எடை. அதை டாக்டர்களுக்குத்தான் விற்றார்கள். அமெரிக்காவில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற பொறியாளர், தானே டைப் 1 நோயாளி, டாக்டராக இருந்த தன் மனைவியின் பெயரில் அதை வாங்கி வீட்டில் பார்க்க ஆரம்பித்தார். சாப்பாட்டையும் இன்சுலினையும் எண்ணைப் பார்த்து மாற்றி உடம்பைத் தேற்றிக்கொண்டார். நோயாளி வீட்டிலேயே பார்க்கலாம் என்று அவர் சொன்னதை மருத்துவ உலகம் காதில் வாங்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் மருத்துவம் படித்து அவரே டாக்டரானார். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள் மகளே. "உனக்கு இது வராது" என்று ஒரு காலத்தில் எல்லா நோயாளிகளையும் பார்த்துத்தான் சொன்னார்கள்.

செம்பருத்தி

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். வீட்டு மிஷினில் 148, அரை மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் 131. இரண்டும் வெறும் வயிற்றில். மிஷின் பழுதா?

ஆய்வகமேசை

பழுதில்லை. வீட்டு மிஷின்களுக்கான ஐஎஸ்ஓ 15197 என்ற தர அளவுகோலின் 2013 பதிப்பு என்ன சொல்கிறது என்றால், ஆய்வக அளவு 100-க்குக் கீழே இருக்கும்போது வித்தியாசம் 15 மில்லிகிராமுக்குள்ளும், 100-க்கு மேல் இருக்கும்போது 15 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறையாவது. 131-க்கு 15 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 20. நீங்கள் 17 வித்தியாசத்தில் இருக்கிறீர்கள். சாப்பிட்ட பிறகு ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள், அப்போது விரல் ரத்தத்தில் ஆய்வகத்தில் சிரையிலிருந்து எடுக்கும் ரத்தத்தைவிட சர்க்கரை இயல்பாகவே கூடுதல்.

ஆனால் பெட்டியில் தர எண் அச்சிட்டிருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யவும் வேண்டாம். அமெரிக்காவின் டயாபடீஸ் டெக்னாலஜி சொசைட்டி கடையில் கிடைக்கும் 18 மிஷின்களைத் தனியாகச் சோதித்து 2018-ல் வெளியிட்டது. அவர்கள் வைத்த அளவுகோலில் தேறியவை ஆறுதான். சுலபம் என்று சொல்லி எண்ணைத் தப்பாகக் காட்டினால் அந்தச் சுலபத்தால் ஆபத்துதான். ஆய்வகத்துக்குப் போகும் நாளெல்லாம் மிஷினையும் எடுத்துப்போய் ஒப்பிட்டு எழுதி வையுங்கள்.

ரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல மிஷின்கள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும், இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அலைவரிசை

அப்பாவுக்கு வயிற்று வழி டயாலிசிஸ் நடக்கிறது. அவருக்கும் இதே மிஷின்கள் சரியா?

ஆய்வகமேசை

நல்லவேளை கேட்டீர்கள். டயாலிசிஸ் திரவத்தில் ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து வகைப் பொருள் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். அது உடம்பில் மால்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையாக உடையும். ஜிடிஹெச்-பிக்யூக்யூ என்ற நொதி உள்ள ஸ்ட்ரிப் மால்டோஸையும் குளுக்கோஸாக எண்ணிக் கூட்டிக் காட்டிவிடும். அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் சுகர் அடியோடு இறங்கிவிடும். இப்படி 13 மரணங்கள் பதிவானதாக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009-ல் எச்சரித்தது. ஸ்ட்ரிப்போடு வரும் தாளில் மால்டோஸ் பற்றி எழுதியிருக்கும். டயாலிசிஸ் பார்க்கும் டாக்டர் சொல்லாமல் எந்த மிஷினும் வாங்க வேண்டாம்.

பச்சைக்கிளை

முதலில் திரை மட்டும் போதும் என்று எழுதினேன், இப்போது படித்தால் அவசரப்பட்டுவிட்டேன் என்று தெரிகிறது. ஒன்று சேர்க்கிறேன். மிஷின் ஒரு தடவைச் செலவு, ஸ்ட்ரிப் காலம் முழுக்க. அந்த ஸ்ட்ரிப் பக்கத்து மருந்துக்கடையில் எப்போதும் இருக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஒரு மிஷின் ஸ்ட்ரிப் இன்னொன்றில் போகாது. டப்பாவைத் திறந்த தேதியை மேலேயே எழுதுங்கள், பலவற்றைத் திறந்து மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும், சிலவற்றுக்கு ஆறு மாதம். ஒவ்வொரு டப்பாவுக்கும் மிஷினில் புதிய குறியீட்டு எண் போடச் சொல்லும் பழைய வகை மிஷின் வேண்டவே வேண்டாம்.

மழைத்துளி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

பெயரைச் சொல்லுங்கள் வாங்கிவிடுகிறேன் என்று கேட்டவள் நான். கடைசியில் தேர்ந்தெடுத்தது அம்மாதான். உறவுக்காரர்களிடம் இருந்த இரண்டு, மருந்துக்கடைக்காரர் காட்டிய இரண்டு என்று நான்கு மிஷின்களை அவர் கையில் கொடுத்தோம். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலில் டப்பாவைத்தான் திறந்து பார்த்தார். ஒன்றின் மூடியில் நாக்கு மாதிரி அகலமாக நீட்டிக்கொண்டிருந்தது, மேசை விளிம்பில் வைத்து அழுத்தினாலே திறந்தது. அங்கேயே அவர் முகம் மாறிவிட்டது. அகலமான ஸ்ட்ரிப், துளையில் வெளிச்சம், ரத்தம் போதாவிட்டால் காத்திருக்கிறது. போனோடு இணையாது. உருளை வகை ஊசிப் பேனா தனியாக வாங்கினோம். முதல் வாரம் ஒரு ஸ்ட்ரிப் வீணானது. அதற்குப் பிறகு இல்லை.

இரண்டாவது வாரம் விடிகாலை ஐந்தரைக்கு அம்மாவிடமிருந்து போன். "அறுபத்தெட்டு காட்டுதும்மா. கை கழுவித் திரும்பப் பார்த்தேன், அறுபத்தாறு." 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் செய்து முடித்து 94 வந்த பிறகுதான் எனக்கு போன் செய்திருக்கிறார். அன்றே டாக்டர் இரவு இன்சுலினைக் குறைத்தார். பழைய டப்பாவாக இருந்திருந்தால் அன்று என்ன எண் காட்டியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நோட்டில் இப்போது 34 எண் இருக்கிறது. சிலவற்றுக்குப் பக்கத்தில் "சரியாத் தூங்கலை", "ரெண்டு தெரு கூடுதலா நடந்தேன்" என்று அவரே எழுதியிருக்கிறார். இந்த இழையைப் படித்துக் காட்டினேன். உங்களிடம் கேட்கச் சொல்லி ஒரு கேள்வி கொடுத்தார். தினமும் ஒரே விரலில் குத்தினால் காய்த்துப்போகுமா, எந்த விரல் நல்லது?

நீலக்குடை

அம்மாவுக்கு என் வணக்கம். காய்த்துப்போகும், அதனால் மாற்றி மாற்றிக் குத்தச் சொல்லுங்கள். நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும் நல்லது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எந்த வேலைக்கும் முதலில் போகிறவை, அவற்றை விட்டுவிடலாம். நுனியின் நடுவில் வேண்டாம், பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஒரு விரலுக்கு இரண்டு பக்கம், இரண்டு கைக்கும் சேர்த்துப் பன்னிரண்டு இடம். நான் திங்கட்கிழமை இடது சுண்டு விரலில் ஆரம்பிப்பேன்.